முக்கால் தண்ணீர்

வண்டிக்கு எடை போதாது என்றார்கள்.
எஞ்சினில் இருபத்திரண்டு குதிரை இருக்கிறதாம்.
கேப்பர் மலைச் செம்மண் ஏற்றத்தில்
ஒன்றாவது கால் ஊன்ற வேண்டுமே.
டிரெய்லர் நிறைய சவுக்குக் கட்டை.
பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித்
தனக்கான குழியைத் தானே தோண்டிக்கொண்டது.

கட்டை ஏற்ற வந்த கலியமூர்த்தி சொன்னான்:
"மேல உக்காந்திருக்கறதும் காத்து,
கீழ டயர்ல இருக்கறதும் காத்து,
எப்பிடிக்கா புடிக்கும்?"
சிரித்தார்கள்.
நானும் சிரித்து வைத்தேன்.
நாற்பது கிலோ.
போன மாதம்தான் பெரியாஸ்பத்திரியில் ஏற்றி நிறுத்தி
சீட்டில் எழுதி, அடியில் கோடு வேறு போட்டார்கள்.

அலாவுதீன் பாய் கடை
திருப்பாப்புலியூர் ரயில்வே கேட் தாண்டி.
இரும்பு வெயிட் மாட்டினால் காசு ஆகும்,
தண்ணி ஊத்திடலாம் என்றார்.
பனி கொட்டுகிற நாடுகளில்
உப்பைக் கரைத்து ஊற்றுவார்களாம், உறையாமலிருக்க.
"நமக்கு எங்க உறையுது,
மார்கழியிலயே வேர்க்குது" என்று
பனியனை உதறிக்கொண்டார்.

தெருக்குழாயில் பிடித்து இரண்டு குடம் கொண்டு போயிருந்தேன்.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.
துப்பினார்.
"கடல் ஏறிட்ட தண்ணிம்மா. ரிம்மைத் தின்னுடும்."
ஆறு வருஷமாக அதில்தான் உலை வைக்கிறோம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"அப்ப கேன் வாங்கிடவா?" என்றுதான் வந்தது.

ஆறு கேன்.
வீட்டுக்கு ஒரு கேன் வாங்க
சனிக்கிழமை வரை தள்ளிப்போடுகிறவள் நான்.
கேன் போடுகிற பையன் கேட்டான், விசேஷமா அக்கா?
ஆமாம், காதுகுத்து.

ஜாக்கியில் தூக்கி,
வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி,
ஊசியைக் கழற்றினார்.
புஸ்ஸென்று வெளியே வந்தது
எந்த ஊரில் அடைத்த காற்றோ,
லோன் போட்ட நாளிலிருந்து நான் சுமந்து திரிந்த காற்று.
கொட்டகை மேல் டிரம். டிரம்மிலிருந்து குழாய்.
கொஞ்சம் தண்ணீர் போகும்,
சக்கரம் ஏப்பம் விடும்,
மறுபடி கொஞ்சம்.
சங்கில் ஊட்டுகிற மாதிரி
பக்கத்திலேயே குந்தியிருந்தார் பாய்,
ஒரு டீ ஆறி ஆடை கட்டும்வரை.

வால்வு வாயில் நீர் எட்டிப் பார்த்ததும் குழாயை உருவினார்.
முக்கால் தண்ணி. மிச்சம் காத்து.
"முழுசா ரொப்பினா என்ன பாய்?"
"கல்லாயிடும்.
மேடு பள்ளம் மொத்தமும் உங்க முதுகுக்குத்தான் வரும்.
நசுங்கறதுக்குக் கொஞ்சம் இடம் வேணும்ல அதுக்கு."

வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.
பக்கத்துக்கு அறுபது லிட்டர். ரெண்டு பக்கம்.
நூற்றிருபது கிலோ.
சக்கரங்களுக்குள்
நான் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் அதே மேடு.
முந்தாநாள் தோண்டிய குழி அப்படியே கிடந்தது,
அதில் யாரோ பீடித்துண்டு போட்டிருந்தார்கள்.
பாதி ஏற்றத்தில் வண்டி ஒரு கணம் யோசித்தது.
பிறகு டயர்ப் பட்டை ஒவ்வொன்றாக
மண்ணைக் கவ்வி, விட்டு, கவ்வி,
முந்திரி வேலி வரை போய் நின்றோம்.
திரும்புகிற இடத்தில்
உள்ளே தண்ணீர் ஒருபக்கம் போய்
மெல்ல அடங்கியது.
எஞ்சின் இரைச்சலில் அதெல்லாம் கேட்காது என்கிறான் கலியமூர்த்தி.
கேட்டது.

பாய் வேண்டாமென்ற இரண்டு குடமும்
அடுப்படியில் இருந்தன.
ராத்திரி அதிலிருந்து மொண்டு உலை வைத்தேன்.
அரிசி கொதித்து வந்தபோது
உப்பு டப்பாவைத் திறந்து,
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
மூடினேன்.